இறால் செல் ஏன் இரண்டாகப் பிரிய மாட்டேன் என்கிறது?

(முன்னாள் மாணவர், இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைத் தம்பிகள் இரண்டு பேர் என் சர்வீஸ் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். "அண்ணே, ரோபோட், சாட்டிலைட் இந்த மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். "இறாலைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சமையல் குறிப்பாண்ணே?" என்றான் ஒருவன்.

இல்லை தம்பி. இது பாடம்தான். இறாலின் உடம்பிலிருந்து ஒரு துளி திசுவை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் உயிரோடு வளர்க்கும் வித்தையைப் பற்றிய பாடம். ஆடு, மாடு, குரங்கு, கோழி, கொசு, பட்டாம்பூச்சி என்று எத்தனையோ உயிர்களின் செல்களைச் சோதனைச் சாலையில் வளர்த்தாகிவிட்டது. இந்த இறால் மட்டும் 'என்னால் முடியாது' என்று அடம்பிடிக்கிறது. ஏன்? அதில் டிப்ளமா படித்த நமக்கு என்ன வேலை? இரண்டையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

1995: எங்கள் குட்டை

எங்கள் ஊர் நாகை மாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமம். 1995-ல் நான் ஆறாம் வகுப்பு. அப்போது எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் இறால் குட்டைதான். அப்பாவும் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வரி இறால் குஞ்சு விட்டிருந்தார். 'டைகர்' என்பார்களே, அது. அம்மாவின் நகையில் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக் கடையில். "நாலு மாசம் பொறு, எல்லாத்தையும் மீட்டுடலாம்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

எழுபதாம் நாள் அளவில் செக் ட்ரேயில் போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. மறுநாள் சாயங்காலம் இறால்கள் ஆழத்தை விட்டுக் கரையோரம் வந்து மந்தமாக நீந்தின. அதற்கு மறுநாள் காலையில் நான் பார்த்தது காக்கைக் கூட்டம். வரப்பு முழுக்கக் காக்கை! அப்பா ஓர் இறாலை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் காட்டினார். ஓட்டின் உட்புறத்தில் சுண்ணாம்புத் துளி தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒரு வாரத்துக்குள் குட்டை காலி. வலையில் வந்த மிச்சத்தை வந்த விலைக்குக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்துப் பக்கத்துக் குட்டை மாமாவுக்கும் அதே கதி.

நான் அப்பாவிடம் கேட்டேன்: "மாட்டுக்கு ஊசி போடுற மாதிரி இதுக்கு ஊசி இல்லையாப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு உரிய பதிலைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

எதிரி யார்?

எங்கள் குட்டையை அழித்தது வெள்ளைப்புள்ளி நோய் வைரஸ். 1990-களின் தொடக்கத்தில் கிழக்கு ஆசியாவில் தலைகாட்டி, 1994-95-ல் நம் கிழக்குக் கரைப் பண்ணைகளுக்குள் நுழைந்தது. இந்த நோய் பற்றிய குட்டையில் மூன்று முதல் பத்து நாளுக்குள் அத்தனை இறாலும் சாகக்கூடும். மனிதனுக்கு இது தொற்றாது. ஆனால் மனிதனின் பிழைப்பைத் தொற்றிக்கொள்ளும்!

வைரஸ்களிலேயே இது பெரிய உருவம். இதன் டி.என்.ஏ. ஏறத்தாழ மூன்று லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். அந்த எழுத்துகள் முழுவதையும் 2001-லேயே படித்து முடித்துவிட்டார்கள். அப்படியானால் மருந்து எங்கே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்!

முதல் சிக்கல்: நமக்கு இருப்பது போன்ற, ஊசி போட்டால் பல வருஷம் நினைவில் வைத்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஏற்பாடு இறாலுக்கு இல்லை. ஆகவே மாட்டுக்குப் போடுகிற மாதிரித் தடுப்பூசி இதற்கு எளிதில் வாய்க்காது.

இரண்டாம் சிக்கல்தான் நம் பாடம். வைரஸ் என்பது தானாக வளராது. பாக்டீரியாவைக் கறிக்கஞ்சியில் வளர்க்கலாம். வைரஸுக்கு உயிருள்ள செல் வேண்டும். செல் கையில் இருந்தால், இந்த மருந்துக்கு வைரஸ் அடங்குகிறதா, இந்த வெப்பநிலையில் எத்தனை நாள் தாங்குகிறது, ஒரு மில்லி நீரில் எத்தனை வைரஸ் என்று எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுத் தட்டில் சோதிக்கலாம். செல் இல்லாவிட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் உயிருள்ள இறால், தொட்டி, உப்புத் தண்ணீர், ஏரேட்டர் எல்லாம் வேண்டும். ஓர் இறால் போல இன்னோர் இறால் இருக்காது. முடிவும் ஒன்றுபோல வராது.

செல் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போலியோ ஒன்றே சாட்சி. 1949-ல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் போலியோ வைரஸை நரம்பு அல்லாத திசுக்களில் வளர்த்துக் காட்டினார்கள். 1954-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. மறு வருஷமே, குரங்கின் சிறுநீரகச் செல்லில் வளர்த்த வைரஸைக் கொண்டு ஜோனாஸ் சால்க் செய்த தடுப்பூசி மக்களுக்கு வந்துவிட்டது. முதலில் செல், அப்புறம்தான் மருந்து!

ஒரு சின்ன வரலாறு

1907-ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் என்பவர் தவளைக் கருவின் நரம்புத் துணுக்கை, உறைந்த நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, நரம்பு இழை நீள்வதைக் கண்ணால் பார்த்தார். செல் வளர்ப்பு என்ற துறையின் தொடக்கமே அதுதான். 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த 'ஹீலா' செல்கள், அந்த அம்மாள் அதே வருஷம் காலமான பிறகும், இன்றுவரை உலகமெங்கும் பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டிருக்கின்றன. இப்படி முடிவில்லாமல் பிரிகிற செல் கூட்டத்தைத்தான் 'செல் லைன்' என்கிறார்கள். தமிழில் 'செல் வரிசை' என்று வைத்துக்கொள்வோம்.

1962-ல் இரண்டு சாதனைகள். வானவில் டிரௌட் மீனிலிருந்து முதல் மீன் செல் வரிசையை அமெரிக்காவில் உல்ஃபும் குவிம்பியும் உருவாக்கினார்கள். ஓர் அந்துப்பூச்சியின் சினைப்பையிலிருந்து முதல் பூச்சிச் செல் வரிசையை ஆஸ்திரேலியாவில் கிரேஸ் உருவாக்கினார். நம் நாடும் பின்தங்கவில்லை! 1967-ல் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங் ஏடிஸ் கொசுவின் இளம்புழுக்களிலிருந்து செல் வரிசைகளை உருவாக்கினார். டெங்கு வைரஸை வளர்க்க உலகமெங்கும் பயன்படும் ஒரு செல் வரிசை, புனேயில் பிறந்த அந்தச் செல்லின் வாரிசுதான்.

நன்றாகக் கவனியுங்கள். பூச்சியும் இறாலும் ஒரே கணுக்காலிக் குடும்பம். பங்காளிகள் என்றே சொல்லலாம். பூச்சியில் நூற்றுக்கணக்கான செல் வரிசைகள் வந்துவிட்டன. இறாலில்? 1986-ல் தைவான் விஞ்ஞானிகள் வரி இறாலின் திசுக்களைக் குடுவையில் வளர்த்ததாக எழுதினார்கள். அதன்பின் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் முயன்றார்கள். செல் உயிரோடு இருக்கிறது, ஒட்டிக்கொள்கிறது, சில வாரம் வாழ்கிறது. ஆனால் பிரியவில்லை.

குடுவைக்குள் இறால்: செய்முறை

2004-ல் நம் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தேன். 2006-ல் ஒரு கடலோர ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிப் பராமரிப்பு டெக்னீஷியன் வேலை கிடைத்தது. கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். செல் வளர்ப்புப் பிரிவுக்கு ஒரு பெண் விஞ்ஞானி பொறுப்பு. எல்லோருக்கும் அவர் 'மேடம்'. முதல் நாளே, "நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சவன் மேடம், பயாலஜி தெரியாது" என்றேன். "செல்லுக்கும் பயாலஜி தெரியாதுப்பா. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் வெப்பநிலை, உப்பு, பி.எச்., சுத்தம். நாலும் உன் கருவியிலதான் இருக்கு" என்றார்.

அவர் கற்றுத் தந்த செய்முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

1. நோயற்ற, சுறுசுறுப்பான இறாலைப் பனிக்கட்டி நீரில் மயங்கவைக்க வேண்டும். பிறகு குளோரின் கரைசலிலும் 70 சத ஆல்கஹாலிலும் மேல் உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும்.

2. தலைப்பகுதி ஓட்டைத் திறந்து, நிணநீர் உறுப்பை எடுக்க வேண்டும். 'ஓகா உறுப்பு' என்றும் இதற்குப் பெயர். வைரஸ் விரும்பிப் போய்த் தாக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அளவு? சில மில்லிமீட்டர்தான். உருப்பெருக்கியின் கீழ் நடுங்காத கை வேண்டும்.

3. பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், பூஞ்சைக்கொல்லி கலந்த உப்புக் கரைசலில் பலமுறை அலச வேண்டும்.

4. ஒரு மில்லிமீட்டர் துணுக்குகளாக நறுக்கிக் குடுவையின் அடியில் பரப்பி, ஊட்டக் கரைசலை ஊற்ற வேண்டும்.

5. 25 முதல் 28 டிகிரி செல்சியஸில் அசையாமல் வைக்க வேண்டும்.

மறுநாள் பார்த்தால் துணுக்கைச் சுற்றிச் செல்கள் ஊர்ந்து வெளியே வந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அடித்தளத்தில் பாய் விரித்ததுபோல ஓர் அடுக்கு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் குட்டைதான் நினைவுக்கு வந்தது. எழுபது நாள் வளர்த்தும் காப்பாற்ற முடியாத ஒன்று, இங்கே ஒரு தீப்பெட்டி அளவுக் குடுவையில் உயிரோடு இருந்தது.

நம்ம டிப்ளமாக்காரனுக்கு என்ன வேலை?

தேர்வுக்கும் உதவும், வேலைக்கும் உதவும். குறித்துக்கொள்ளுங்கள்.

காற்று: திறந்த மேசையில் இந்த வேலை நடக்காது. 'லேமினார் ஃப்ளோ' அறைக்குள்தான் செய்ய வேண்டும். அதன் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதத்தைப் பிடித்துவிடும். காற்றின் வேகம் விநாடிக்கு 0.45 மீட்டர் அளவில் சீராக இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் வெளிக்காற்று நுழையும். கூடினால் சுழல் உண்டாகும். மாதம் ஒருமுறை அனிமோமீட்டரோடு நான்தான் அளப்பேன்.

கிருமி நீக்கம்: கண்ணாடிச் சாமான்களுக்கு ஆட்டோகிளேவ். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம். புரதம் உள்ள கரைசலை அதில் வைத்தால் வெந்துபோகும். அதை 0.22 மைக்ரான் சவ்வு வழியாக வடிகட்ட வேண்டும்.

உப்பின் அளவு: இது சுவையான விஷயம். மனித ரத்தத்தின் சவ்வூடு செறிவு சுமார் 290 மில்லி ஆஸ்மோல். இறாலின் ரத்தத்துக்கோ 700 அளவில் இருக்கும். மனிதச் செல்லுக்கு உரிய ஊட்டக் கரைசலில் இறால் செல்லைப் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து ஊதி வெடிக்கும். அதனால் 'எல்-15' என்ற கரைசலை இரண்டு மடங்கு அடர்த்தியாகக் கரைத்து, மேலும் உப்புச் சேர்ப்பார்கள். 1963-ல் லைபோவிட்ஸ் உருவாக்கிய எல்-15-க்கு இன்னொரு வசதி: சாதாரணக் காற்றிலேயே பி.எச். நிலையாக நிற்கும்; கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை.

இந்தச் செறிவை எப்படி அளப்பது? உறைநிலையைக் கொண்டுதான்! ஒரு கிலோ நீரில் ஓர் ஆஸ்மோல் கரைந்திருந்தால் உறைநிலை 1.858 டிகிரி இறங்கும். கணக்குப் போடுங்கள்: 0.7 × 1.858 = 1.30. அதாவது இறாலுக்கு ஏற்ற கரைசல் சுழியத்துக்குக் கீழே 1.30 டிகிரியில் உறையும். மனித ரத்தம் 0.54-ல் உறைந்துவிடும். ஆஸ்மோமீட்டர் என்கிற கருவி செய்வது இவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். நம் இரண்டாம் ஆண்டுப் பாடம்!

எண்ணிக்கை: நியூபவர் கட்டக் கண்ணாடியில் ஒரு பெரிய கட்டம் ஒரு சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர். ஆக ஒரு மில்லியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. செல் கரைசலோடு டிரைபான் நீலச் சாயத்தைச் சமபங்கு சேர்த்தால் செத்த செல் நீலமாகும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. நீலமாகாத செல் கட்டத்துக்குச் சராசரி 42 என்றால், 42 × 2 × 10,000 = மில்லிக்கு 8 லட்சத்து 40 ஆயிரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் இதே கண்ணாடிதான்.

ஏன் பிரியவில்லை?

நாளுக்கு ஒருமுறை இரண்டாகும் செல் ஒரு லட்சம் இருந்தால், பத்து நாளில் 1024 லட்சம். பத்துக் கோடிக்கும் மேலே. இறால் செல் ஒரு லட்சம் இருந்தால் பத்து நாளில்? அதே ஒரு லட்சம். சில சமயம் எண்பதாயிரம்!

காரணங்களாகச் சொல்லப்படுபவை இவை.

ஒன்று, 'பிரி' என்று செல்லுக்குச் சொல்லும் வளர்ச்சித் தூண்டுபொருள் இறாலில் எது என்பது சரியாகப் பிடிபடவில்லை. நாம் ஊற்றுவது கன்றுக்குட்டிக் கருவின் சீரம். மாட்டின் மொழி இறாலுக்குப் புரியுமா?

இரண்டு, ஹீலா போலப் புற்றுக்கட்டியிலிருந்து தொடங்கலாம் என்றால், இறாலில் புற்றுக்கட்டி காண்பதே மிக அரிது.

மூன்று, பாலூட்டிச் செல்களைச் சாகாவரம் பெறச் செய்ய, குரங்கு வைரஸ் ஒன்றின் மரபணுவைச் செலுத்துவார்கள். அதை 1990-களிலேயே இறாலிலும் முயன்றார்கள். பாலூட்டிக்காக அமைந்த மரபணு விசைகள் இறால் செல்லுக்குள் எதிர்பார்த்தபடி வேலை செய்வதில்லை.

நான்கு, கறுத்துப்போதல். சந்தையில் ஐஸ் போடாத இறாலின் தலை கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காயம் பட்டால் கறுப்புப் பொருளைச் சுரப்பது இறாலின் தற்காப்பு. கத்தி பட்ட திசுவும் அப்படியே குடுவைக்குள் கறுத்துத் தன்னையே நஞ்சாக்கிக்கொள்ளும்.

ஐந்து, கலப்படக் கிருமி. இதைப்பற்றிச் சொல்லத்தான் இத்தனை நீட்டி வந்தேன்.

2008: பிரிந்த செல்!

2008-ல் ஒரு குடுவை மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. மூன்றாம் வாரத்தில் செல்கள் கூடத் தொடங்கின. தினமும் வெப்பநிலையைக் குறிப்பதும், மைக்ராஸ்கோப் கேமராவில் படம் எடுப்பதும், லாக் புக் எழுதுவதும் என் வேலை. திங்கட்கிழமை கட்டத்துக்கு 30, வியாழக்கிழமை 110. உருண்டை உருண்டையாக, பளபளவென்று! கூடமே பரபரத்தது. யாரோ மைசூர்பாகு வாங்கி வந்தார்கள். அடுத்த மாதக் கருத்தரங்கில் அறிவித்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. நான் வீட்டுக்குப் போன் போட்டு, "அப்பா, கண்டுபிடிச்சாச்சுப்பா" என்றே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வியாழனுக்கு ஒன்பது நாள் முன்பு, படம் எடுக்கும்போது, குடுவையின் ஓரத்தில் ஏதோ சின்னதாக நீந்திப்போனதைப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு மூன்று. இறாலின் நிணநீர் உறுப்புச் செல் நீந்தாது. அது எனக்குத் தெரியும். 'தூசியாக இருக்கும், கண் கட்டுகிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாக் புக்கில் அந்த நாளுக்கு நான் எழுதியது: 'வெப்பநிலை 27. மாற்றம் இல்லை.' எல்லோரும் ஆசையாகக் காத்திருந்த குடுவை அது. என் பேனா ஓடவில்லை.

மேடம் மட்டும் மைசூர்பாகைத் தொடவில்லை. "அறிவிக்கிறதுக்கு முன்னாடி இது இறால்தானான்னு இறாலையே கேட்டுடுவோம்" என்று, செல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பி.சி.ஆர். சோதனைக்குக் கொடுத்தார். இறாலுக்கே உரிய மரபணுத் துண்டு தெரிய வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வேறொரு சோதனையில் ஆள் அகப்பட்டது: த்ராஸ்டோகைட்ரிட். கடல்நீரில் சகஜமாக வாழும் ஒருசெல் உயிரி. உருண்டையாக இருக்கும், வேகமாகப் பெருகும், நீந்தும் வித்துகளை விடும். பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. கடல் உயிர்களின் செல் வளர்ப்பில் இதையே புதிய செல் என்று நம்பி ஏமாந்தவர்கள் உலகத்தில் எங்களுக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள்.

எங்கே ஓட்டை என்று தேடினார்கள். நான் லேமினார் ஃப்ளோவை அளந்தேன்: 0.45. வடிகட்டி சரி, ஆட்டோகிளேவ் சரி. இறாலின் உடம்போடுதான் அது வந்திருக்க வேண்டும். கருவியில் குற்றம் இல்லை என்று எனக்கு நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. அன்று மாலை மேடத்திடம் போய், நீந்தியதைப் பார்த்ததையும் எழுதாமல் விட்டதையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. லாக் புக்கை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "அடிக்காதே, திருத்தாதே. இன்னைக்குத் தேதி போட்டு, அன்னைக்கு என்ன பார்த்தேன்னு கீழே எழுது" என்றார். எழுதினேன். பிறகு சொன்னார்: "பதினைந்து நாள் போச்சு, பரவாயில்லை. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா நம்ம பேரு போயிருக்கும். அதை நம்பி இன்னொருத்தன் வேலை செய்வான், அவன் வருஷமும் போயிருக்கும்."

அப்பாவின் கணக்கு

அந்த வாரம் ஊருக்குப் போனேன். போனில் பெருமையாகச் சொன்னதை நேரில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். எழுதாமல் விட்டதையும் சேர்த்து.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சு போச்சுடா. கரைக்கு வந்துச்சு பாரு, அப்பவே. விடிஞ்சா எல்லாரும் பார்த்துடுவாங்கன்னு ராத்திரியோட ராத்திரியா மதகைத் தொறந்து பாதித் தண்ணிய வாய்க்கால்ல விட்டேன். புதுத் தண்ணி ஏத்தினா பிழைச்சுக்குமோன்னு ஒரு நப்பாசை. பக்கத்து மாமாவும் அதே வாய்க்கால்லதான் தண்ணி எடுப்பாரு. நாலாம் நாளு அவரு குட்டையும் போச்சு. அவருகிட்ட நான் இன்னைவரைக்கும் சொல்லலை."

நோய் பற்றிய குட்டையின் தண்ணீரை அப்படியே வெளியே விடக்கூடாது. குளோரின் போட்டு நிறுத்திவைத்து வைரஸைக் கொன்ற பிறகே விட வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று இன்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். 1995-ல் அப்பாவுக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் 'மாமா, வாய்க்கால் தண்ணி எடுக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல எந்தப் பயிற்சி வகுப்பும் தேவையில்லை என்பதும் அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் பதின்மூன்று வருஷம் அது தொண்டையிலேயே நின்றது.

மறுநாள் காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் அம்மாவிடம், "அவரு வீட்டுல காப்பி குடிச்சிட்டேன், எனக்கு வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

இன்றைய நிலை

நம் நாட்டில் 2009-ல் வெள்ளைக்கால் இறாலான வனாமியை வளர்க்க அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட நோய்கள் இல்லாத தாய் இறால், பி.சி.ஆரில் சோதித்த குஞ்சு, நண்டு நுழையாத வேலி, காக்கைக்கு மேலே கயிறு என்று பண்ணைகள் மாறியிருக்கின்றன. ஆனாலும் வெள்ளைப்புள்ளி போய்விடவில்லை. ஈ.எச்.பி. என்ற நுண் ஒட்டுண்ணி வேறு சேர்ந்துகொண்டது.

செல் வளர்ப்பிலும் யாரும் சும்மா இருக்கவில்லை. நம் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் கொடுவா மீனிலிருந்து செல் வரிசைகளை உருவாக்கினார்கள். லக்னோவில் மீன் செல் வரிசைகளுக்கென்றே தேசியக் களஞ்சியம் இருக்கிறது. 2018 முதல் நம் மக்காச்சோளத்தைத் தின்றுகொண்டிருக்கிறதே அமெரிக்கப் படைப்புழு, அதன் 'எஸ்.எஃப்-9' செல்லோடு வரி இறாலின் நிணநீர்ச் செல்லை இணைத்துக் கலப்புச் செல் வரிசை உருவாக்கிய ஆய்வைக் கொச்சிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்டார்கள். பயிரின் எதிரி இறாலுக்கு நண்பன்! வனாமியின் மரபணுத் தொகுதி 2019-ல் வெளியானது. அதில் ஏறத்தாழ 25 ஆயிரம் மரபணுக்கள். பிரிவதைத் தடுக்கும் பூட்டு எது, சாவி எது என்று இனி அதற்குள்ளேயே தேடலாம்.

சிங்கப்பூரில் 2018-ல் இரண்டு பெண் விஞ்ஞானிகள் தொடங்கிய ஷியோக் மீட்ஸ் என்ற நிறுவனம், குடுவையில் வளர்த்த இறால் செல்லைக் கொண்டு கொழுக்கட்டை செய்து 2019-ல் சுவைத்தும் காட்டியது. 2024-ல் அது உமாமி பயோவொர்க்ஸ் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. கடலும் குட்டையும் இல்லாமல் இறால் கறி என்பது நல்ல கனவுதான். ஆனால் சந்தை விலைக்கு வரவேண்டுமானால் செல் சலிக்காமல் பிரிய வேண்டும். மறுபடியும் அதே கேள்வி!

எந்த ஊர்க் கூடத்துக்கு அனுப்பினாலும் அங்கேயும் வளர்ந்து, எல்லோர் கையிலும் புழங்குகிற சுத்தமான இறால் செல் வரிசைக்காக உலகம் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. அதைச் செய்யப்போகும் கூடத்தில் ஒரு விஞ்ஞானி இருப்பார். அவருக்குப் பக்கத்தில், ஆஸ்மோமீட்டரைச் சரிபார்த்து, காற்றின் வேகத்தை அளந்து, லாக் புக் எழுதும் ஒரு டிப்ளமாக்காரரும் இருப்பார். அது உங்களில் ஒருவராக இருக்கலாம்.

அப்படி இருந்தால் ஒரு வேண்டுகோள். கண்ணில் பட்டதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். பிடித்ததை மட்டுமல்ல, நீந்திப்போனதையும்.